வியாழக்கிழமைக் கையெழுத்து

ஷாலினிக்கும் தினேஷுக்கும்,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நானும் தினேஷும் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க அந்தப் பொடியைக் கையால செஞ்சவரு. அம்மாவுக்கு மட்டும் ஏன் குடுக்க விடல?"

ஷாலினி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றுபோனது. எனக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ரொம்பச் சுலபமான பதில். அதை நான் சொல்லவில்லை. நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஃபார்ம் ஃபைவ் வரைக்கும்தான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் சொன்னதில்லை. பள்ளியில் கேட்டால் 'லேப் அசிஸ்டன்' என்று எழுதச் சொல்வேன், அவ்வளவுதான். கிள்ளானில் பள்ளி முடித்தவன் பண்டமாரானில் ஒரு கிடங்கில் ஒரு வருசம் மூட்டை இறக்கினேன். பிறகு பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழக லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிப் போனேன். முதல் நாலு வருசம் கண்ணாடிக் குடுவை கழுவியதுதான் என் படிப்பு. அதற்குப் பிறகுதான் டாக்டர் மங்கையர்க்கரசி அங்கே வந்தார்.

அவர் யாழ்ப்பாணத் தமிழர். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அப்பா ரயில்வேயில் பெரிய கிராணியாக எழுத்து வேலை பார்த்தவராம். காலை ஏழரைக்கு லேபுக்கு வந்துவிடுவார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு அதுதான் பயம். நாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு தடித்த நோட்டில் பேனாவால் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். பென்சில் கூடாது, ரப்பர் கூடாது. தப்பு இருந்தால் டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். நோட்டை நம் பக்கமாகத் திருப்பி வைப்பார். பேனா மூடியைக் கழற்றி அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே வைப்பார். காத்திருப்பார். நாம் தப்பின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து தெரியவேண்டும்.

ஒருமுறை நான் எழுதியதை அடித்துக் கறுப்பாக்கிவிட்டேன். அப்போது சொன்னார்: "பிழை விடலாம் தம்பி. பிழை தெரிஞ்சால் திருப்பிச் செய்யலாம். நீங்கள் இப்பிடி மறைச்சால் நான் என்னத்தைத் திருப்பிச் செய்யிறது?"

நாங்கள் செய்தது ஃபுல்லெரீன் என்கிற ஒரு கரி. அடுப்புக்கரி, பென்சில் கரி மாதிரி இதுவும் கரிதான், ஆனால் அமைப்பு வேறு. அறுபது கரி அணுக்கள் கோர்த்துக்கொண்டு, உள்ளே காலியாக, கால்பந்து மாதிரி நிற்கும். பந்தில் ஐந்து மூலைத் துண்டும் ஆறு மூலைத் துண்டும் சேர்த்துத் தைத்திருப்பார்களே, அதே அமைப்பு. கண்ணுக்குத் தெரியாத பந்து. என்னோடு வேலை செய்த ரோஸ்லி அதற்கு 'போலா' என்றே பெயர் வைத்துவிட்டான். மலாயில் பந்து.

செய்கிற முறை இதுதான். ஓர் எஃகுப் பாத்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஹீலியம் விடுவோம். உள்ளே இரண்டு கிராஃபைட் குச்சிகள் நுனியோடு நுனி நிற்கும். மின்சாரம் பாய்ச்சினால் வெல்டிங் மாதிரி ஒரு வெளிச்சம். குச்சி கரைந்து பாத்திரச் சுவரெல்லாம் புகைக்கரி படியும். முகமூடி போட்டுக்கொண்டு அதைப் பிரஷால் சுரண்டி எடுப்பேன். காகிதக் கூட்டில் அந்தக் கரியைப் போட்டு, டொலுவீன் என்கிற திரவத்தைக் கொதிக்கவைத்து அதன் மேல் நாள் முழுக்கச் சொட்டவிட வேண்டும். பெயின்ட் கடையில் விற்கிற தின்னர் வாசம்தான் டொலுவீனுக்கும். கரியில் இருக்கிற பந்துகள் மட்டும் அதில் கரைந்து இறங்கும். இறங்கும்போது நிறம் வரும் பாருங்கள், மங்குஸ்தான் தோலை நசுக்கின மாதிரி ஓர் ஊதா. கறுப்புக்குள்ளிருந்து அப்படி ஒரு நிறம் வருவதைப் பார்க்க எனக்குக் கடைசிவரை அலுக்கவில்லை. பிறகு டொலுவீனை ஆவியாக்கி எடுத்துவிட்டால் அடியில் கறுப்புப் பொடி மிஞ்சும்.

மிஞ்சியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. கிடங்கில் பந்துகளைக் குவித்தால் நடுவே சந்து இருக்கிறதல்லவா, அப்படிப் பொடிக்குள்ளும் சந்து இருக்கும், டொலுவீன் அங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இருக்கும். அதனால் மூன்று முழு நாள் அடுப்பில் வைத்து, பம்பு போட்டு உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். காலையும் மாலையும் ஒருவர் வந்து பம்பைப் பார்த்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியின் எண்ணை நோட்டில் எழுத வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பத்து வருசம் டொலுவீன் பக்கத்தில் நின்றவனுக்கு டொலுவீன் வாசம் தெரியாது. என் மூக்கு அதற்குச் செத்துப்போய்விட்டது, ரோஸ்லிக்கும் அப்படித்தான். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாதான் சொல்வாள், "தின்னர் கடை வந்துருச்சு, போய்க் குளிங்க" என்று. லேபில் டொலுவீன் வேலை இல்லாத நாள் வாசமும் இருக்காது, அவளும் சொல்லமாட்டாள். அவள் மூக்கு தப்பியதே இல்லை.

டாக்டருக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். அந்தக் காலத்தில் இந்தப் பந்து நோயை விரட்டும், மருந்தைச் சுமந்துகொண்டு போகும் என்றெல்லாம் உலகம் முழுக்கப் பேச்சு. டாக்டர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார். இது உடம்புக்குள் போனால் நல்லதா கெட்டதா, முதலில் அதைச் சொல்லுங்கள் என்பார். அதற்காக எலிகளுக்கு எண்ணெயில் கலந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுக்கு அனுமதி கேட்டு, பல வருசம் அலைந்து வாங்கினார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருசம் இருந்தது. அவருடைய வேலைக்காலத்தில் அதுதான் கடைசிப் பெரிய சோதனை.

அதற்கான பொடியை நான் அடுப்பில் வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளிக்கிழமை காலை எலிக்கூடத்து ஆட்கள் வந்து வாங்கிப்போவார்கள். நடுவில் வியாழக்கிழமை தைப்பூசம்.

ஷாலினி, இதில் உன் பெயர் வருகிறது. ஆனால் உன் மேல் ஒரு துளிக் குற்றமும் கிடையாது. கல்யாணமாகி ஏழு வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் பத்துமலைக்குப் பால்காவடி எடுத்து, பிள்ளைக்கும் எனக்கும் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தோம். நீ பிறந்து வந்த முதல் தைப்பூசம் அது. புதன்கிழமை மாலையே பத்துமலைக்குப் போய்த் தங்க வேண்டும்.

டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளிவைத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். ரோஸ்லியிடம் கேட்டிருந்தால் லீவு நாளானாலும் வந்து பார்த்திருப்பான். கேட்கவில்லை. அவ்வளவு வருசம் அலைந்து வாங்கின சோதனை என்னால் தள்ளிப்போவதா என்று ஒரு கூச்சம். அதோடு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமும் இருந்தது. இத்தனை வருசம் செய்கிறவனுக்குப் பொடி காய்ந்ததா இல்லையா என்று தெரியாதா என்ற கர்வம். புதன் மதியம், மாலை எண்ணை அப்போதே பார்த்து எழுதிவிட்டு, அடுப்பைத் திறந்தேன். பொடி நன்றாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. புட்டியில் நிரப்பி மூடினேன். பழைய பக்கங்களைப் பார்த்து அளவுமானியின் எண் எப்படிக் குறைந்துகொண்டு வரும் என்று கவனித்து, வியாழன் காலைக்கு ஓர் எண், வியாழன் மாலைக்கு ஓர் எண் எழுதினேன். இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்குடத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "விரதத்துல இருக்கீங்க, தின்னர் வாசத்தோட காவடியத் தொடாதீங்க, குளிச்சிட்டு வாங்க."

அன்றைக்கு நான் டொலுவீனைத் தொடவே இல்லை. தொட்டது அந்தக் காய்ந்த பொடியை மட்டும்தான். இது எனக்கு அந்த நிமிடம் உறைத்திருக்க வேண்டும். நான் போய்க் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வேலைக்குப் போனேன். ரோஸ்லி என் தலையைத் தடவி, "இனி புன் போலா லா" என்றான். இதுவும் பந்துதானாம். டாக்டர்கூடச் சிரித்தார். நான் கொடுத்த திருநீற்றைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூசிக்கொண்டு, பிள்ளை அழுதாளா என்று கேட்டார். எலிக்கூடத்து ஆட்கள் வந்து புட்டியை வாங்கிப் போனார்கள்.

வெறும் எண்ணெய் குடித்த எலிகள் நன்றாக இருந்தன. பொடி கலந்த எண்ணெய் குடித்தவை மூன்றாம் வாரம் சோர்ந்தன, இளைத்தன. சில செத்தன, மற்றவற்றின் கல்லீரலும் கெட்டிருந்தது. இந்தப் பொருள் உடம்புக்கு ஆகாது என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. பொடியின் கதையை முதலிலிருந்து பார்க்கிறேன் என்று நோட்டுகளைத் தன் மேசைக்கு எடுத்துப்போனார். அன்று மதியம் என்னைக் கூப்பிட்டார்.

நோட்டு அவர் பக்கமே இருந்தது.

"தம்பி, மொட்டை எப்ப போட்டனீங்கள்?"

"தைப்பூசத்தன்னிக்கு, டாக்டர்."

"எத்தினை மணிக்கு?"

"காலைல. ஏழு, ஏழரை இருக்கும்."

"அண்டைக்கு மத்தியானம், பின்னேரம்?"

"மலையிலதான் இருந்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருந்துச்சு, கூட்டத்துல இறங்க முடியல…"

நடுவில் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் நோட்டை என் பக்கம் திருப்பினார். பேனா மூடியைக் கழற்றி, பக்கத்தின் குறுக்கே வைத்தார்.

நான் இரண்டு வரியின் மேலும் கோடு கிழித்தேன். பக்கத்தில் 'செய்யவில்லை' என்று எழுதினேன். அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டாக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுகள் பொடியாலை செத்ததோ டொலுவீனாலை செத்ததோ, இனி ஒருத்தருக்கும் தெரியாது, தம்பி" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. அன்று அவர் திட்டியிருந்தால் எனக்கு இந்த வயதில் இவ்வளவு பாரம் இருக்காது.

சோதனை செல்லாது என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். பொடி சரியாக உலர்த்தப்படவில்லை, மேற்பார்வை தன்னுடையது, பொறுப்பும் தன்னுடையது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தபாலறைக்குக் கொண்டுபோனவன் நான்தான். ஒரே ஒரு பக்கம், அதில் என் பெயர் இல்லை. மறுபடி செய்து பார்க்க அனுமதி கேட்டார். ஒருமுறை வீணாய்ப் போன உயிர்களுக்கு மேல் இன்னொரு முறை தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். எஃகுப் பாத்திரத்தைத் துணி போட்டு மூடினோம். இரண்டு வருசம் கழித்து டாக்டர் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு வந்த தைப்பூசங்களில் பஞ்சாமிர்தம் எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போவேன். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்பார். லேபைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் இறந்தபோது போய்ப் பின்னால் நின்றேன். நீங்கள் யார் என்று அவருடைய தங்கை மகன் கேட்டதற்கு, லேபில் குடுவை கழுவினவன் என்று சொன்னேன். எனக்கு வேலை போகவில்லை. அறுபது வயது வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருகிறேன்.

அம்மாவின் கல்லீரலில் இருக்கிற புற்றுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன அடுத்த வாரம் நீங்கள் இருவரும் இணையத்தில் வாங்கிக் கொண்டுவந்தீர்கள். ஆலிவ் எண்ணெய், அதில் ஃபுல்லெரீன். ஷாலினி அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அதே ஊதா. "அப்பா, இது உங்க பொடிதானே? ஒரு ஸ்பூன்தான்பா" என்றாள். நான் வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். ஷாலினி அழுதுகொண்டே காரை எடுத்துக்கொண்டு போனாள். நான் அப்போதே கொட்டிவிட்டேன் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கொட்டவில்லை. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். நாலு நாள் அங்கேயே இருந்தது. திறந்து திறந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு எண்ணெய் வாசம்தான் வந்தது. என் மூக்கை நம்பி ஒருமுறை பட்டிருக்கிறேன். ஐந்தாம் நாள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தேன்.

அம்மா கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. "உங்க பழைய சட்டை வாசம்" என்றாள்.

ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குச் சோற்றில்கூட மருந்து வாசம்தான் வந்துகொண்டிருந்தது. அந்த மூக்கை இப்போது எவ்வளவு நம்புவது? அடுத்த நாள் போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி லேபுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கிற பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண். அங்கிள் என்று மரியாதையாக உட்காரவைத்து, ஒரு சொட்டு எடுத்து மெஷினில் விட்டுப் பார்த்தது.

"டொலுவீன் கொஞ்சம் இருக்கு, அங்கிள். ஆனா அது இல்லாட்டியும் சீக்காளிக்குக் குடுக்கலாமான்னு என்னால சொல்ல முடியாது. ரொம்ப வருசம் முந்தி இங்கேயே அதுக்கு ஒரு டெஸ்ட் செஞ்சாங்களாம். என்ன ஆச்சோ தெரியல, ரிசல்ட் இல்ல."

போத்தலை அங்கேயே கழிவு டிரம்மில் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்ன சொன்னாங்க? குடிக்கலாமா? நீங்க சொன்னா குடிக்கிறேன்."

அவளுக்குக் குடிக்க ஆசை இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேத்தியின் முதல் பிறந்த நாள் வரைக்குமாவது இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இத்தனை வருசமாக அவளிடமும் சொல்லாததைச் சொன்னேன். புதன்கிழமை, வியாழக்கிழமை, எலி, டாக்டர், எல்லாம்.

கேட்டுவிட்டு, "அன்னிக்கே சொன்னேன்ல, வாசம் அடிக்குதுன்னு" என்றாள்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்க கேட்டா அம்மாவே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லிருங்க. இல்லாட்டி உங்களப் போட்டு ஏசுவாங்க" என்றாள்.

நாற்காலி அடுக்கும்போது என் நாக்கில் வந்து நின்ற பதில் இதுதான். சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். அம்மாவே சொல்லச் சொன்னதுதானே என்று நானும் சமாதானம் ஆகியிருப்பேன். டாக்டர் தன் கடிதத்தில் என் பெயரை எழுதாமல் விட்டார். அம்மா போகிற நேரத்தில் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்த எண்ணெய் அவளுக்கு நல்லது செய்திருக்குமா, ஒரு மாதமாவது கூட இருந்திருப்பாளா, இல்லை இன்னும் சீக்கிரம் போயிருப்பாளா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவன் நான். தினேஷ், உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

ஏச வேண்டும் என்றால் ஏசுங்கள். இதில் சில இடங்களில் தப்பாக எழுதி ஒற்றைக் கோடு கிழித்திருக்கிறேன், கீழே இருப்பது தெரியும், படித்துக்கொள்ளுங்கள். இன்று திங்கட்கிழமை. காலை பத்தரைக்கு உட்கார்ந்தேன், இப்போது மணி இரண்டு. கையெழுத்து இன்றைக்குப் போட்டதுதான்.

அப்பா